உடற்கூறு பயில எவ்வளவு பணம் வேண்டும்?

(மாணவர் பரிசளிப்புக் கூட்டத்தில் கல்விக் குழுவின் சார்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்ததும் பெற்றோர் பலர் எங்கள் குழுவினரை நாடி வருகின்றனர். பிள்ளை உயிரியல் பிரிவை விரும்புகிறது, சேர்க்கலாமா என்பது அவர்கள் கேள்வி. கேள்வி அதுவாயினும் அதன் உள்ளே இருப்பது வேறொன்று. மருத்துவமோ செவிலியமோ படிக்க வைக்கப் பெரும் பணம் வேண்டும், தடித்த ஆங்கில நூல்கள் வேண்டும், கோவைக்கு அனுப்பிப் பயிற்சி வகுப்பு வைக்க வேண்டும். பாவு இறங்காத வாரத்தில் அரிசிக்கே கணக்குப் பார்க்கும் நம் வீட்டில் இது நடக்குமா என்ற அச்சமே அது. அந்த அச்சத்தால் கணக்குப் பதிவியலுக்குத் திரும்பிய பிள்ளைகள் நம் மஹல்லாவில் உண்டு. கணக்குப் பதிவியல் நல்ல படிப்புதான், விரும்பிப் படித்தால். அச்சத்தால் படித்தால் அப்படிச் சொல்ல இயலாது.

ஆகவே இன்று ஒரே பொருளைப் பற்றி மட்டும் பேச விரும்புகிறோம். மனித உடலின் அமைப்பையும் இயக்கத்தையும், அதாவது உடற்கூற்றியலையும் உடலியங்கியலையும், சோமனூரில் இருந்துகொண்டே குறைந்த செலவில் எவ்வளவு தூரம் கற்க முடியும்? கல்லூரிக் கட்டணத்தைப் பற்றி நாங்கள் இங்கே பேசவில்லை. அது வேறு கணக்கு. கல்லூரி வாசலை மிதிப்பதற்கு முன்னும், முதலாண்டில் திணறாமல் நிற்பதற்கும் வேண்டிய அறிவைப் பற்றியே பேசுகிறோம்.

முதலில், கையில் இருக்கும் செல்வத்தைச் சொல்லிவிடுவோம். தமிழக அரசின் பதினோராம், பன்னிரண்டாம் வகுப்புப் பாடநூல்கள் 2018-19, 2019-20 கல்வியாண்டுகளில் முழுவதும் புதிதாக எழுதப்பட்டன. பதினோராம் வகுப்பு விலங்கியலில் செரித்தல், சுவாசம், இரத்த ஓட்டம், கழிவு நீக்கம், எலும்பும் தசையும், நரம்பு மண்டலம், நாளமில்லாச் சுரப்பிகள் என மனித உடலின் பெரும்பகுதி வந்துவிடுகிறது. தமிழிலும் ஆங்கிலத்திலும் அந்நூல்களை இணையத்தில் விலையின்றி இறக்கிக்கொள்ளலாம். பக்க ஓரங்களில் கியூஆர் குறியீடு உண்டு. கைப்பேசியைக் காட்டினால் படக்காட்சி விரியும். நம் வீடுகளிலோ, பன்னிரண்டாம் வகுப்பு தொடங்கிய மறுவாரமே பதினோராம் வகுப்பு நூல் பழைய பேப்பர்க் கடைக்குப் போய்விடுகிறது. எடைக்கு எடை போட்டு என்ன கிடைத்துவிடப் போகிறது? நீட் தேர்வு இரண்டு வகுப்புப் பாடத்தையும் கேட்கிறது. மனித உடலைப் பற்றிய வினாக்களில் பெரும்பாலானவற்றுக்கு அடிப்படை பதினோராம் வகுப்பில்தான் இருக்கிறது. அந்த ஒரு நூலை மட்டுமாவது வீட்டில் வைத்திருங்கள் என்று தாய்மார்களை வேண்டிக் கேட்டுக்கொள்கிறோம்.

தமிழ் வழியில் படிக்கும் பிள்ளை, இரண்டு மொழி நூல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிப்பது நலம். 'இதயக் கீழறை' என்று தமிழில் பொருள் புரிந்துகொண்டு, அதே படத்தில் அதே இடத்தில் ஆங்கிலப் பெயரைப் பார்த்தால் இரண்டும் மனத்தில் ஒட்டிக்கொள்ளும். கல்லூரி முதலாண்டில் தமிழ் வழி மாணவர் தடுமாறுவது அறிவுக் குறைவால் அன்று, பெயர்ப் பெருக்கத்தால். அதற்கு இரண்டாண்டு முன்கூட்டியே மருந்து போட்டுவிடலாம்.

அதற்கு அடுத்த படியில் இருப்போருக்கு அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்தார் நடத்தும் ஓப்பன்ஸ்டாக்ஸ் திட்டத்தின் உடற்கூற்றியல், உடலியங்கியல் நூல் இருக்கிறது. 2013இல் முதற்பதிப்பும் 2022இல் இரண்டாம் பதிப்பும் வந்தன. ஆயிரம் பக்கத்தைத் தாண்டும் வண்ண நூல். யாரும் விலையின்றிப் பெறலாம். ஆங்கிலம் எளியது. செவிலியம், பிசியோதெரபி, ஆய்வக நுட்பம் படிக்கச் செல்வோருக்கு முதலாண்டு முழுவதும் துணை நிற்கும். உலகப் புகழ்பெற்ற கிரே உடற்கூற்றியல் நூலின் 1918ஆம் ஆண்டுப் பதிப்பும் காப்புரிமைக் காலம் கடந்து பொதுச் சொத்தாகிவிட்டது. அதன் படங்கள் இன்றும் பயன்படும். பெயர்களும் கருத்துகளும் சில இடங்களில் பழையன என்பதை மட்டும் மறக்கலாகாது.

கிரே நூலைப் பற்றிப் பேச நேர்ந்ததால் ஒரு செய்தியைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். ஹென்றி கிரே என்ற லண்டன் மருத்துவர் எழுதி, ஹென்றி வான்டைக் கார்ட்டர் என்ற இன்னொரு மருத்துவர் படம் வரைந்து, 1858இல் அந்நூல் வெளிவந்தது. 363 படங்கள். நூல் வந்த ஆண்டிலேயே கார்ட்டர் நம் நாட்டுக்கு வந்து பம்பாய் கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் உடற்கூறு கற்பித்தார். கிரே 1861இல், முப்பத்து நான்கு வயதில், பெரியம்மை கண்டு இறந்தார். இதெல்லாம் பலர் அறிந்தது. பலர் அறியாதது, அந்நூல் 1872இலேயே தமிழில் வந்துவிட்டது என்பதாகும். 'மனுஷ அங்காதிபாதம்' என்பது அதன் பெயர்.

அதனைச் செய்வித்தவர் சாமுவேல் பிஸ்க் கிறீன். அமெரிக்க மிஷன் மருத்துவராக 1847இல் யாழ்ப்பாணம் வந்தார். மானிப்பாயை இருப்பிடமாகக் கொண்டு உள்ளூர் இளைஞர்களுக்கு மேல்நாட்டு மருத்துவம் கற்பித்தார். தொடக்கத்தில் ஆங்கிலத்தில்தான் கற்பித்தார். ஆங்கிலத்தில் படித்தவர்கள் ஊரில் தங்காமல் சம்பள வேலைக்குப் போய்விடுவதைக் கண்டார். கிராமத்து நோயாளிக்குக் கிராமத்திலேயே இருக்கும் மருத்துவர் வேண்டுமென்றால் படிப்பு கிராமத்தார் மொழியில் இருக்க வேண்டும் என்று முடிவு செய்து, 1860களில் தமிழ் வழிக்கு மாறினார். தமிழில் மருத்துவ நூல் ஏது? எனவே தாமே தமிழ் கற்று, தம் மாணாக்கர் துணையோடு உடற்கூறு, பிரசவ மருத்துவம், இரசாயனம், உடலியங்கியல் என ஒன்றன்பின் ஒன்றாக நூல்களைத் தமிழாக்கி அச்சிட்டார். சொல் இல்லாத இடத்தில் சொல் ஆக்கினார். வேதியியலுக்குக் 'கெமிஸ்தம்' என்று பெயரிட்டார். உடலியங்கியலுக்குச் 'சுகரணம்' என்றார். இன்று அச்சொற்கள் நமக்கு அன்னியமாய்த் தோன்றலாம். அவரிடம் பயின்று மருத்துவரானோர் அறுபதுக்கும் மேற்பட்டவர். அவர்களில் முப்பத்து மூவர் முற்றிலும் தமிழிலேயே பயின்றவர். 1873இல் நாடு திரும்பிய பின்னும் அங்கிருந்தபடியே தமிழ் நூற்பணியைத் தொடர்ந்து, 1884இல் காலமானார்.

மின்விளக்கு இல்லை, படமெடுக்கும் கைப்பேசி இல்லை, தமிழில் ஒரு கலைச்சொல் அகராதி இல்லை. அப்படிப்பட்ட காலத்தில் பனங்காட்டு ஊர் ஒன்றில் இது நடந்தது. சோமனூரில் இரயில் நிலையம் இருக்கிறது; ஏறினால் கோவை. 1966இல் தொடங்கிய கோவை அரசு மருத்துவக் கல்லூரி அவினாசி சாலையிலேயே நிற்கிறது. மறு திசையில் திருப்பூரிலும் 2022இல் அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. நம் பிள்ளைகளுக்கு வாய்ப்பு தொலைவில் இருக்கிறது என்று இனிச் சொல்ல இயலாது.

நிற்க. புத்தகத்தில் படிப்பது ஒன்று, கையால் தொட்டு அறிவது மற்றொன்று. உடற்கூறு தொட்டு அறிய வேண்டிய கலை. 'அனாட்டமி' என்ற கிரேக்கச் சொல்லுக்கே வெட்டிப் பார்த்தல் என்று பொருள். மனித உடலை அறுத்துக் கற்பதற்குச் சட்டமும் கல்லூரியும் உண்டு. அது அங்கேதான் நடக்க வேண்டும். மனித எலும்புகளையும் வீட்டில் வாங்கி வைக்க வேண்டா. ஒரு காலத்தில் நம் நாட்டிலிருந்து கப்பல் கப்பலாக மனித எலும்புக்கூடுகள் வெளிநாட்டுக் கல்லூரிகளுக்குப் போயின. கல்லறைகள் தோண்டப்படுகின்றன என்ற குற்றச்சாட்டுகள் எழுந்து, 1985இல் அரசு அந்த ஏற்றுமதியைத் தடை செய்தது. யாருடைய எலும்பு, எவர் அனுமதி என்று தெரியாத பொருள் நம் பிள்ளைகள் கைக்கு வர வேண்டியதில்லை. நெகிழி எலும்புக்கூடு போதும். சில ஆயிரம் ரூபாயில் கிடைக்கும். ஒன்று வாங்கினால் ஒரு தலைமுறை படிக்கும்.

அதைவிட மலிவானது, நம் சமுதாயத்தார் கையருகே எப்போதும் இருப்பது, கறிக்கடை. மாணவர்கள் சிரிக்கிறார்கள், சிரிக்க வேண்டா. ஆட்டின் இதயம் மனித இதயத்தைப் போலவே நான்கு அறை கொண்டது. வால்வுகளும் அப்படியே. அளவில் சிறியது, அவ்வளவே. ஹஜ்ஜுப் பெருநாளில் நம் மஹல்லாவில் எத்தனை குர்பானி நடக்கிறது! அன்று இதயத்தையும் நுரையீரலையும் ஒருமணி நேரம் பாடமாக்கினால், எந்தப் பயிற்சி மையத்திலும் கிடைக்காத வகுப்பு அது.

செய்முறையைச் சொல்கிறோம். அறுப்பவரிடம் இதயத்தைக் கீறாமல், மேலே உள்ள குழாய்களை ஓரிரு விரல் நீளம் விட்டு எடுத்துத் தரச் சொல்ல வேண்டும். வழக்கமாக அவர்கள் இரத்தம் வடிய இரண்டு கீறல் போட்டுவிடுவர்; முன்கூட்டியே சொன்னால் விட்டுத் தருவர். இதயத்தை உள்ளங்கையில் வைத்து இருபுறமும் அழுத்திப் பாருங்கள். ஒருபுறம் மெத்தென்று அமுங்கும். அது வலக் கீழறை. மறுபுறம் கெட்டியாக இருக்கும். அது இடக் கீழறை. பக்கத்தில் இருக்கும் நுரையீரலுக்குத் தள்ள மெல்லிய சுவர் போதும். உச்சந்தலை முதல் குளம்பு வரை தள்ளத் தடித்த சுவர் வேண்டும். ஒரே வரியில் பாடநூல் சொல்லும் இச்செய்தியை விரல் ஒருமுறை அறிந்துவிட்டால் ஆயுளுக்கும் மறக்காது.

பின்பு கெட்டியான மேல் குழாய், அதாவது பெருந்தமனி, அதற்குள் மெல்ல நீர் ஊற்றுங்கள். நீர் உள்ளே இறங்காமல் நிற்கும். எட்டிப் பார்த்தால் மூன்று சிறு பைகள் ஒன்றோடொன்று ஒட்டி வழியை அடைத்திருக்கும். அவையே அரைச்சந்திர வால்வுகள். அவற்றுக்குச் சற்று மேலே குழாயின் சுவரில் இரண்டு சிறு துளைகள் தெரியும். விளக்குமாற்று ஈர்க்குச்சி ஒன்றை மெதுவாக நுழைத்தால் இதயத்தின் மேற்பரப்பில், கொழுப்பின் அடியில் அது ஓடுவதைக் காணலாம். இதயத்துக்கே உணவு தரும் தமனி அது. நம் பெரியவர்கள் சிலருக்குக் கோவையில் ஸ்டென்ட் வைத்தார்களே, அது அந்தக் குழாயில்தான். இப்போது கீழறையைப் பிளந்தால் வெண்ணூல் போன்ற நாண்கள் வால்வின் விளிம்பைப் பிடித்திருப்பது தெரியும். தறியில் விழுது கட்டிய பிள்ளைக்கு அதன் வேலையை விளக்க வேண்டியதே இல்லை.

இடையில் உள்ள சுவரைக் கவனியுங்கள். அதில் துளை உண்டா? ஈர்க்குச்சி எங்கேனும் நுழைகிறதா? நுழையாது. இந்தச் சுவரில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருக்கின்றன, வலப்புற இரத்தம் அவற்றின் வழியே இடப்புறம் கசிகிறது என்று இரண்டாம் நூற்றாண்டின் கேலன் எழுதினார். ஆயிரம் ஆண்டுக்கு மேலாக உலகம் அதை ஒப்புக்கொண்டிருந்தது. டமாஸ்கஸில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னு நபீஸ், 1242ஆம் ஆண்டளவில் இப்னு சீனாவின் மருத்துவ நூலின் உடற்கூற்றுப் பகுதிக்கு எழுதிய உரையில் அதை மறுத்தார். சுவர் கெட்டியானது, இரத்தம் நுரையீரலுக்குச் சென்று, காற்றோடு கலந்து, பின்பே இடப்புறம் வருகிறது என்றார். இங்கிலாந்தின் வில்லியம் ஹார்வி முழு இரத்த ஓட்டத்தையும் விளக்கியது 1628இல். இப்னு நபீஸின் கையெழுத்துப் பிரதியோ மறக்கப்பட்டுக் கிடந்து, பெர்லின் நூலகத்தில் 1924இல் ஓர் எகிப்திய மருத்துவ மாணவரால் கண்டெடுக்கப்பட்டது. முன்னோர் பெருமையை மேடையில் பேசிக் கைதட்டு வாங்குவது எளிது. அவர் எதை மறுத்தார் என்பதை ஓர் ஈர்க்குச்சியால் தாமே சோதித்துப் பார்த்த மாணவன் அந்தப் பெருமைக்கு ஒரு பங்கு உரியவனாகிறான் என்பது எங்கள் எண்ணம்.

நுரையீரலைக் குரல்வளையோடு சேர்த்து வாங்கினால் மூச்சுக்குழலின் குருத்தெலும்பு வளையங்களை எண்ணலாம். அவை பின்புறம் திறந்திருக்கும். சைக்கிள் பம்பால் காற்றடித்தால் நுரையீரல் விரிந்து வெளுப்பதைக் காணலாம். வாயால் ஊதலாகாது. குண்டிக்காயை நெடுக்கில் இரண்டாகப் பிளந்தால் புறணியும் அகணியும் நிறம் பிரிந்து தெரியும். கறிக்கடையில் சுவரொட்டி என்று கேட்டு வாங்குகிறோமே, அதுதான் பாடநூலின் மண்ணீரல்.

ஆனால் ஆடு ஆடுதான், மனிதன் அல்ல. ஆட்டின் இரைப்பைக்கு நான்கு அறை, நமக்கு ஒன்று. மனிதச் சிறுநீரகத்தில் கூம்புகள் பல தனித்தனியே இருக்கும், ஆட்டுக்கு அவை இணைந்து ஒரே மேடாக இருக்கும். ஆட்டின் கண்ணுக்குப் பின்னால் இரவில் மின்னும் படலம் ஒன்றுண்டு, மனிதக் கண்ணில் இல்லை. ஆகவே பாடநூலைப் பக்கத்தில் விரித்து வைத்து, எங்கே ஒத்திருக்கிறது, எங்கே வேறுபடுகிறது என்று இரு பத்தியாகக் குறிப்பெழுத வேண்டும். அன்றே அறுத்த உறுப்பாக இருக்க வேண்டும். கையுறை, தனிக் கத்தி, முடிந்ததும் சோப்புப் போட்டுக் கழுவுதல், இவற்றில் விட்டுக்கொடுத்தல் கூடாது. உணவை வீணாக்கலாமா என்று பெரியவர் ஒருவர் எங்களிடம் கேட்டார். நியாயமான கேள்வி. சுத்தமான கத்தியும் நல்ல நீரும் மட்டுமே பட்டிருந்தால், பாடம் முடிந்த இதயம் தாராளமாகக் குழம்புக்குப் போகும்.

அரபு மொழி ஓதிய பிள்ளைகளுக்கு இன்னொரு வசதியும் இருக்கிறது. மூளையைச் சுற்றிய உறைகளை 'டியூரா மேட்டர்', 'பையா மேட்டர்' என்பர். மேட்டர் என்றால் இலத்தீனில் தாய். மூளை உறைக்கும் தாய்க்கும் என்ன உறவு என்று ஐரோப்பிய மாணவன் விழிப்பான். அரபு மருத்துவர்கள் அவற்றை 'உம்மு' என்று அழைத்ததை அப்படியே இலத்தீனில் பெயர்த்ததால் வந்த பெயர் அது. பிடரிக்கு வழங்கும் 'நூக்கா' என்ற சொல்லும் அரபு 'நுகாஉ' என்பதிலிருந்து போனதுதான்.

இனிச் சொல்லப்போவது சோமனூருக்கே உரியது. இந்த ஊரில் மனித உடலைப் பற்றிய இரண்டு பாடங்கள் நாள்தோறும் நடக்கின்றன. ஒன்று காது, மற்றொன்று நுரையீரல்.

விசைத்தறிக் கூடத்தில் முப்பதாண்டு நின்றவர் வீட்டில் தொலைக்காட்சி ஏன் அவ்வளவு சத்தமாக ஓடுகிறது? நம் செவிப்பறைக்குப் பின்னே சுத்தி, பட்டடை, அங்கவடி என்று மூன்று சிற்றெலும்புகள் உள்ளன. அங்கவடி எலும்பு ஏறத்தாழ 3 மில்லிமீட்டர், உடலிலேயே சிறியது. அவை அதிர்வை நத்தை ஓடு போன்ற காக்ளியாவுக்குக் கடத்துகின்றன. அதனுள் ஒரு காதுக்கு ஏறத்தாழ 15,000 மயிர்ச்செல்கள். பிறக்கும்போது இருப்பவைதாம், அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. 85 டெசிபெலுக்கு மேற்பட்ட ஓசையில் நாளுக்கு எட்டு மணி நேரம், ஆண்டுக்கணக்கில் நின்றால் அவை சிறிது சிறிதாக மடிகின்றன. நாடாத் தறிக் கூடத்தின் ஓசை அந்த அளவை எளிதில் தாண்டும். முதலில் போவது 4,000 ஹெர்ட்ஸ் அளவிலான கீச்சொலி கேட்கும் திறன். பேச்சு கேட்கிறது, ஆனால் சொல் பிரியவில்லை என்பார்கள். அதன் தொடக்கம் இதுவே. வலி இல்லாததால் எவரும் மருத்துவரிடம் போவதில்லை. சில ரூபாய் விலையுள்ள காதடைப்பானைத் தினமும் அணிந்திருந்தால் பெருமளவு தடுத்திருக்கலாம்.

பஞ்சுத் தூசியின் கதையும் அப்படியே. ஞாயிறு விடுமுறை முடிந்து திங்கட்கிழமை வேலைக்குப் போனால் நெஞ்சு இறுகுகிறது, வாரக் கடைசியில் குறைகிறது. இது பிஸினோசிஸ் என்னும் பஞ்சுத் தூசி நோயின் அடையாளம். பஞ்சைப் பிரித்துச் சிக்கெடுக்கும் நூற்பாலைப் பிரிவுகளில் இது அதிகம், தறிக்கூடத்தில் குறைவு. குறைவென்றால் இல்லை என்று பொருளன்று. தொடக்கத்தில் கண்டு தூசியிலிருந்து விலகினால் பெரும்பாலும் மீளலாம். ஆண்டுகள் கடந்தால் மூச்சுக்குழல் நிரந்தரமாகக் கெட்டுவிடும். புகைபிடிப்பவருக்கு இரட்டைத் தொல்லை.

பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் சிறு கூடங்கள் பொதுவாக இ.எஸ்.ஐ. வரம்புக்குள் வருவதில்லை. ஆகவே காதையும் நெஞ்சையும் சோதித்துப் பார்க்கச் சொல்ல ஆளில்லை. உயிரியல் படிக்கும் ஒரு மகள் வீட்டில் இருந்தால் சொல்வாள். "அத்தா, நாளைக்குக் காது டாக்டரிடம் போகலாம்" என்று அவள் சொல்வதற்காகவேனும் அந்தப் பாடப்பிரிவு இந்த ஊருக்கு வேண்டும். அவளே செவித்திறன் ஆய்வு படித்தால் இன்னும் நல்லது. கேட்டல், பேச்சு நோயியல் பட்டப்படிப்பு என்று ஒன்றிருப்பதையே நம்மில் பலர் கேள்விப்பட்டதில்லை.

எம்.பி.பி.எஸ். ஒன்றே படிப்பு என்று எண்ணி, அது கிடைக்காவிட்டால் உயிரியலே வீண் என்று முடிவுகட்டும் பழக்கம் நம்மிடம் அதிகம். செவிலியம், மருந்தியல், பிசியோதெரபி, ஆய்வக நுட்பம், கதிர்ப்பட நுட்பம், கண் ஒளியியல், யுனானி, சித்தா எல்லாவற்றுக்கும் அடித்தளம் இதே உடற்கூறுதான். சென்னையில் 1979 முதல் அரசு யுனானி மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவருக்கு மருத்துவப் படிப்புகளில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீட்டுக்கு 2020இல் சட்டம் வந்தது. பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கான 3.5 விழுக்காடு 2007இல் வந்தது. சான்றிதழ்களைக் கடைசி வாரத்தில் தேடாமல் பத்தாம் வகுப்பு விடுமுறையிலேயே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஒதுக்கீடுகளை விரித்துரைக்க வேறொரு கூட்டம் வைப்போம்.

நுண்ணோக்கி வாங்க வசதியில்லை என்போருக்கு ஒரு சொல். மீரட்டில் பிறந்து அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பணியாற்றும் மனு பிரகாஷும் அவருடைய மாணவரும் 2014இல் ஃபோல்டுஸ்கோப் என்ற காகித நுண்ணோக்கியை அறிமுகப்படுத்தினர். அட்டையை மடித்து, பொட்டளவு வில்லை ஒன்றைப் பொருத்தினால் பொருள் 140 மடங்கு பெரிதாகத் தெரியும். வெங்காயச் சருகின் செல், கன்னத்தின் உட்புறத்தைச் சுரண்டி எடுத்த செல், குளத்து நீரின் நுண்ணுயிர் எல்லாம் அதில் காணலாம். கைப்பேசியில் பொருத்திப் படமும் எடுக்கலாம்.

எதுவும் வாங்க இயலாதவருக்கும் ஓர் உடல் இருக்கிறது, அவருடையது. காறை எலும்பைத் தொட்டுத் தோள் வரை விரலை ஓட்டுங்கள். மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கம் நாடியை எண்ணுங்கள்; மாடிப்படி ஏறி இறங்கி மறுபடி எண்ணுங்கள். முழங்கையை மடக்கிக்கொண்டே முன்தசை திரள்வதைப் பாருங்கள். பிறகு பாடநூலை மூடிவிட்டு நினைவிலிருந்து படம் வரையுங்கள். மறந்த இடத்தில் மட்டும் நூலைத் திறந்து பாருங்கள். வண்ணப் பேனாவால் நூல் முழுவதும் கோடு போடுவதைவிட இது நூறு மடங்கு பயன் தரும். கோடு போட்ட பிள்ளை படித்ததாக நினைத்துக்கொள்கிறது; வரைந்த பிள்ளைக்குத் தெரியாதது எது என்று தெரிந்துவிடுகிறது.

இனி எங்கள் கோரிக்கை. மதரஸாவின் மேல்தளத்தில் காலியாக உள்ள அறையில் ஓர் அலமாரி வைக்க நிர்வாகம் இசைந்துள்ளது. பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்பு உயிரியல் நூல்கள் இரு மொழியிலும் ஐந்து படி, ஓப்பன்ஸ்டாக்ஸ் நூலின் அச்சுப்படி ஒன்று, நெகிழி எலும்புக்கூடு ஒன்று, காகித நுண்ணோக்கி இரண்டு, ஒரு கரும்பலகை என்று தொடங்க எண்ணியுள்ளோம். மருத்துவம், செவிலியம் படித்து முடித்த நம் பிள்ளைகள் பழைய நூல்களைத் தந்தால் ஏற்றுக்கொள்வோம். ஆனால் பத்தாண்டுக்கு முந்தைய வினா-விடை வழிகாட்டிகளை அன்புகூர்ந்து தர வேண்டா, அவற்றுக்கு இடமில்லை. அஸர் முதல் மஃரிப் வரை மாணவியருக்கும், இஷாவுக்குப் பின் மாணவர்களுக்கும் அறை திறந்திருக்கும். மாணவியர் நேரத்தில் உடனிருக்கத் தாய்மார் இருவர் முன்வந்துள்ளனர். இன்னும் இருவர் வேண்டும். நூல் எடுத்துச் செல்வோர் பதிவேட்டில் பெயரெழுதிப் பதினைந்து நாளில் திருப்பித் தர வேண்டும். அண்டை வீட்டு மாற்றுமத மாணவர்களும் தாராளமாக வரலாம்.

வரும் ஹஜ்ஜுப் பெருநாளின் மறுநாள் காலை பத்து மணிக்கு முதல் இதய வகுப்பு நடைபெறும், இன்ஷா அல்லாஹ். வருவோர் பதினோராம் வகுப்பு விலங்கியல் நூலையும் ஓர் ஈர்க்குச்சியையும் கொண்டு வரவும். கையுறைகளைக் குழு வாங்கித் தரும். குர்பானி கொடுப்போரில் எவரேனும் கீறாத இதயம் ஒன்றைத் தர இயலுமானால் முந்தைய வெள்ளி ஜும்ஆவுக்குப் பின் குழுவினரிடம் சொல்லி வைக்கவும், நான்கு போதும்.